விமானத்தில் ஓசிச் சரக்கு

கேள்வி: குடியை விட்டுவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குத் தனியாகப் போகிறேன். விமானத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாமே, எப்படித் தாக்குப்பிடிப்பது? – வாசகர், மதுரை

பதில்: ஊற்ற மாட்டார்கள், 'என்ன வேண்டும்?' என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு நொடிக்கான பதிலை இப்போதே தயார் செய்யுங்கள். தக்காளி ஜூஸ் கேட்டுப் பாருங்கள், விமான இரைச்சலில் இனிப்பு மங்கி அதன் சுவை தூக்கலாகத் தெரியும். டிக்கெட் போடவில்லையென்றால் குவைத் ஏர்வேஸ், சவுதியா பாருங்கள், அவற்றில் மதுவே பரிமாறுவதில்லை.

என்னைக் கேட்டால், இடையில் இறங்கிக் காத்திருக்கும் நேரம்தான் பெரிய ஆபத்து: தூக்கமும் இல்லாமல், தெரிந்த முகமும் இல்லாமல், எதிரே பளபளவென்று ட்யூட்டி ஃப்ரீ கடை! அந்த நேரத்தில் போன் செய்வேன் என்று யாரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள். 1935-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் ஆன்லைனிலும் நடக்கின்றன, விமான நிலைய வைஃபையே போதும். அமெரிக்க விமான நிலையத்தில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பில் டபிள்யூ' என்று ஒலிபெருக்கியில் அழைத்தால், அது அந்த அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன் பெயரைச் சொல்லி அதன் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தேடும் வழி, தயங்காமல் போங்கள். அப்புறம், தூக்க மாத்திரை யோசனை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.