ஹூஸ்டன் வரப்போற திருமங்கலம் தம்பிக்கு

தம்பி, எம்.எஸ். படிக்க ஹூஸ்டன் வர்றீங்க. விண்வெளி நிலைய வேலையில சேர முடியுமா, மேல இருக்குறவங்க பொழப்பு எப்படின்னு கேட்டிருந்தீங்க.

கசப்பானதை முதல்ல சொல்லிடுறேன். நாசாவுல நேரடி வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேணும். ஒப்பந்தக் கம்பெனிகளும், விண்வெளித் தொழில்நுட்பம் வெளிநாட்டுக்காரங்க கைக்குப் போகாம தடுக்குற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால பெரும்பாலும் கிரீன் கார்டாவது இருக்கான்னு பார்ப்பாங்க. நானே அது கைக்கு வந்த பிறகுதான் உள்ள நுழைஞ்சேன். படிக்கும்போது எடையின்மை ஆராய்ச்சி பண்ற பேராசிரியர் யாரையாவது பிடிங்க.

மேல பொழப்பா? சாகசம்னு நெனச்சுக்கிறாதீங்க, வீட்டு வேலைதான் அதிகம். ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்துல 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. ஒரு நாளைக்கு 16 தடவை விடியும். அதனால கிரீன்விச் நேரத்தை வச்சுத்தான் எந்திரிக்கிறது. கக்கூஸை ரிப்பேர் பண்ணணும், வாரக் கடைசியில தூசி உறிஞ்சணும். துணி துவைக்கிறதே கிடையாது; அழுக்கானது குப்பையோட சரக்குக் கலத்துல ஏறி, காத்து மண்டலத்துல எரிஞ்சுபோகும். மூத்திரமும் வேர்வையும் சுத்தமாகிக் குடிதண்ணியா திரும்பும். 2023ல 98 சதவீதம் வரைக்கும் மீட்டுட்டாங்க. வைகை பொய்த்த வருஷத்துல குடத்தோட லாரிக்குக் காத்துக் கிடந்த நமக்கு இதுல என்ன அருவருப்பு?

எனக்கு ஆச்சரியம் காத்துதான். எடையில்லாத இடத்துல சூடான காத்து மேல எழும்பாது. தூங்குறவர் விட்ட மூச்சு மூஞ்சியைச் சுத்தியே தேங்கி நிக்கும். ஃபேன் ஓடலைன்னா கரியமில வாயு சேர்ந்து தலைவலி வந்துடும். அதனால ராவும் பகலும் ஃபேன் இரைச்சல். பேனாவைக் காணோமா? காத்து உறிஞ்சுற வலையில ஒட்டிக்கிட்டிருக்கும், முதல்ல அங்கதான் தேடுவாங்க.

தினமும் 2 மணி நேரம் உடற்பயிற்சி, இல்லாட்டி எலும்பு கரையும். ஒடம்பு நீர் தலைக்கேறி மூக்கடைச்சா சோறு சப்புன்னு இருக்கும். காரமான சாஸுக்கு அங்க கிராக்கி. 2025ல நம்ம இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வா கொண்டுபோனார். நம்ம ஊர்க்காரர் போனா ஊறுகாய்தான் கேப்பார்.

ஹூஸ்டன் வாழ்க்கைக்குப் பயப்படாதீங்க. புழுக்கம் மதுரைக்குச் சளைச்சதில்ல, கார் இல்லாம நகர முடியாது, பக்கத்து ஊர் பியர்லாண்ட்ல மீனாட்சி கோயிலே இருக்கு.

சனிக்கிழமை வரைக்கும் தல்லாகுளத்துல அக்கா வீட்லதான் இருப்பேன். அட்மிஷன் லெட்டரை எடுத்துட்டு வாங்க, எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம்னு உக்காந்து பார்த்துருவோம்.