நர்ஸம்மாவைக் கேளுங்கள்: பால் கொடுத்தால் கரு தங்காதா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பிரசவமாகி 25 நாள் ஆகிறது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாம் மாதம் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவார். 'பால் கொடுக்கிறவரை கரு தங்காது, ஒன்றும் வேண்டாம்' என்கிறார் சம்பந்தியம்மா. கரு தங்காமலிருக்க கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி போடலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயந்து மறுத்துவிட்டோம். இனி என்ன செய்யலாம்? - ஒரு தாய், ஏற்காடு

பதில்: சம்பந்தியம்மா சொன்னதில் பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கும் திரும்பியிருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. வாசலில் கழுதைப்பால் வந்தால் ஒரு சங்கு வாங்கி ஊற்றுகிறவர்கள்தானே நாம்!

மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பதும் தப்பு. முதலில் கருமுட்டை வெளிவரும், மாதவிலக்கு அதற்கு அப்புறம்தான். சேர்வராயன் மலையில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் 'தீட்டு வந்ததும் வா' என்று சொல்லி அனுப்பினேன். பதினெட்டு முடிந்து சில மாதம்தான் அவளுக்கு. காபி பறிப்பு நாள் வேறு, கூலியை விட்டு வர முடியவில்லை. வந்தபோது இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, வயிற்றில் நாலு மாதம். 'நீங்க சொன்ன தீட்டு வரவே இல்லையே சிஸ்டர்' என்றாள். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே இரண்டு வருடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் அடுத்தடுத்துச் சுமந்தால் ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை என்று வரிசையாக வரும்.

காப்பர்-டி நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டிருக்கலாம், போகட்டும். இனி பிரசவமாகி ஆறு வாரம் ஆன பிறகுதான். குழந்தையின் 45-ஆம் நாள் தடுப்பூசிக்கு எப்படியும் போவீர்கள், அன்றே மகளையும் காட்டுங்கள். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் தாங்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அந்தரா என்கிற கருத்தடை ஊசியையும் அன்றே தொடங்கலாம், மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிலக்கு முன்பின்னாகும், சிலருக்கு நின்றும் போகும். நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் பிடிக்கும். சாயா என்கிற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. பால் குறையாது, ஆனால் மறதிக்காரிக்கு ஒத்துவராது. மூன்றுமே அரசு மருத்துவமனையில் இலவசம்.

உங்கள் கடிதத்தில் சம்பந்தியம்மா பேசுகிறார், நீங்கள் பயப்படுகிறீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே! எது வேண்டுமென்று அவளே நர்ஸிடம் தனியாகப் பேசட்டும்.

அதுவரை ஆணுறை. மூன்றாம் மாதம்தான் மாப்பிள்ளை வருவார் என்கிறீர்கள். நடுவில் பிள்ளையைப் பார்க்க வராமலா இருப்பார்?