முதலில் போர் கைடு, அப்புறம் கம்பி

கேள்வி: 50 மீட்டர் புரோன் (படுத்தபடி சுடும்) பயிற்சிக்காக உரிமத்துடன் பழைய .22 ஆன்ஷுட்ஸ் ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மூன்று துண்டாக மாட்டும் அலுமினிய கிளீனிங் ராடு (குழலைச் சுத்தம் செய்யும் கம்பி) மலிவாகக் கிடைக்கிறது. ஒற்றைக் கம்பி பல மடங்கு விலை. கம்பியைக் குழலுக்குள் நேராக நடத்தும் போர் கைடு (bore guide) வேறு வாங்கச் சொல்கிறார்கள். எது கட்டாயம், எதைத் தள்ளிப்போடலாம்?

பதில்: தள்ளிப்போடக் கூடாதது போர் கைடு. துண்டுக் கம்பியை வாங்கவே வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

.22 தோட்டாவின் குண்டு, மெழுகோ கிரீஸோ பூசிய மெத்தென்ற ஈயம். மேட்ச் (போட்டிக்கான) தோட்டாவின் வேகமும் குறைவு, நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர். எஃகுக் குழலை அது எளிதில் தேய்த்துவிடாது. குழல் கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்யும் கையால்தான். கம்பி வளைந்து ஒரே பக்கமாக உரசும் இடங்கள் இரண்டு: தோட்டா அறை முடிந்து குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் தொடங்கும் இடம், அப்புறம் குழல் வாயின் விளிம்பு. மேட்ச் ரைஃபிளில் தோட்டாவை ஏற்றும்போதே குண்டு அந்த வரிகளில் லேசாகப் பதிந்து நிற்கும்படி அறையைக் கடைந்திருப்பார்கள். அங்கே ஒரு பக்கம் மழுங்கினால் குண்டு கோணலாகப் புறப்படும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

போர் கைடு என்பது போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளை) கழற்றிவிட்டு அதன் இடத்தில் செருகும் குழாய். கம்பியைக் குழலின் நடுவில் நேராக நிறுத்தும். சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) வழிந்து டிரிகருக்கும் கட்டைக்கும் போகாமலும் தடுக்கும். 'எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும்' என்று விற்கும் கைடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. .22-இல் அறைக்கும் குழலுக்கும் விட்டத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. கைடின் மூக்கு அறைக்குள் ஆழமாக இறங்கி உட்கார இடமில்லை. அதனால் வெளிப்பக்கம் ரிசீவருக்குள் (போல்ட் உட்காரும் கூடு) ஆடாமல் நிற்க வேண்டும், உள்துளை கம்பியை இறுக்காமல் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் கைடு இருந்தும் பயனில்லை. போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்த பகுதியைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். ஆன்ஷுட்ஸில் 54 ஆக்‌ஷனும் 64 ஆக்‌ஷனும் வேறு வேறு. உங்களுடையது எது என்று பார்த்து, அதைச் சொல்லியே ஆர்டர் செய்யுங்கள்.

கைடு கையில் வந்த பிறகு கம்பியின் நீளத்தை முடிவு செய்யுங்கள். கைடைச் செருகி, அதன் பின்முனையிலிருந்து குழல் வாய் வரை எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் இருந்தால் போதும். கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 36 அங்குலமும் 44 அங்குலமும். 66 சென்டிமீட்டர் குழலுக்கு 36 அங்குலம் பெரும்பாலும் எட்டும். 69 சென்டிமீட்டர் குழல் என்றால் கைடின் நீளத்தைப் பொறுத்து எட்டாமல் போகலாம். எதற்கும் இருக்கட்டும் என்று நீளமானதை எடுக்காதீர்கள். நீளம் கூடக்கூட வளைவும் கூடும்.

அலுமினியத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மென்மையான உலோகம், மண் துகளும் கரியும் அதில் எளிதில் பதிந்துகொள்ளும். பல .22 தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும்) கலவையில் கண்ணாடித் தூளும் உண்டு. இதெல்லாம் ஒட்டிய கம்பியை உள்ளே தள்ளுவது உப்புத்தாள் போடுவது போலத்தான். மூட்டுகளின் விளிம்பு வேறு உரசும். ஒற்றைக் கம்பியில் நைலான் பூசிய எஃகு, பாலிஷ் செய்த ஸ்டெயின்லெஸ், கார்பன் ஃபைபர் என்று மூன்று உண்டு. என் தேர்வு நைலான் பூச்சு. ஆனால் பூச்சிலும் துகள் பதியும், அதனால் ஒவ்வொரு முறை வெளியே எடுத்ததும் துணியால் துடைத்தாக வேண்டும். கார்பன் ஃபைபர் வளைந்தாலும் தானே நிமிர்ந்துவிடும். அடிக்கடி பயணம் போகிறவருக்கு அது தோது.

கைப்பிடி பேரிங்கில் தாராளமாகச் சுழல வேண்டும், இதில் சமரசம் கூடாது. .22 குழலின் வரிகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 66 சென்டிமீட்டர் குழலைக் கடப்பதற்குள் பிரஷ் ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் திரும்பியாக வேண்டும். கைப்பிடி சுழலாவிட்டால் பிரஷ் வரிகளைத் தாண்டிக் குதிக்கும். நுனியில் மாட்டும் ஜேக் (துணியைப் பிடிக்கும் முனை), பிரஷ் இவற்றின் மரை கம்பியின் மரையோடு சேருமா என்றும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கக் கம்பிகளிலேயே 8-32, 8-36 என்று இரு வகை உண்டு.

என்சிசியில் பழகிய புல்த்ரூ கயிறு (துணி கட்டிக் குழலுக்குள் இழுப்பது) போதாதா என்று சிலர் கேட்பார்கள். கயிற்றைச் சாய்த்து இழுத்தால் அது குழல் வாயை ஒரு பக்கமாக அறுக்கும். பழைய .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்களில் அந்தத் தேய்மானம் பெயர் பெற்றது. மைதானத்தில் அவசரத்துக்கு நேராக இழுத்தால் தப்பில்லை. பின்பக்கமாகக் கம்பி விட வழியில்லாத செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்கும் கயிறுதான் நல்லது.

பணம் முட்டினால் இப்போதைக்குக் கைடையும் சாதாரண நைலான் பூச்சுக் கம்பி ஒன்றையும் மட்டும் வாங்குங்கள். பித்தளை ஜேக் ஒன்று, ஃபிளானல் துணி, சால்வென்ட் இருந்தால் வேலை நடக்கும். போல்ட்டைக் கழற்றி, அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே கைடைச் செருகுங்கள். துணி குழல் வாயைத் தாண்டியதும் அதைக் கையால் எடுத்துவிட்டு, வெறும் கம்பியை மெதுவாகப் பின்னால் இழுங்கள்.