கிங்கோ ஞானப்பாட்டுப் புத்தகத்தில் கிங்கோ எழுதியவை எத்தனை?

கேள்வி: டென்மார்க்கில் 'கிங்கோ ஞானப்பாட்டுப் புத்தகம்' என்று திருச்சபையில் பாடும் பாட்டுப் புத்தகம் ஒன்று உண்டாமே? அதிலுள்ள பாட்டெல்லாம் பேராயர் தாமஸ் கிங்கோ எழுதியவைதானா?

பதில்: இல்லை. 1699இல் வெளியான அந்தப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அவருடையவை அல்ல. அதற்குக் காரணம் பத்து வருடம் முன்பு நடந்த ஒரு சறுக்கல்.

1683இல் அரசர் ஐந்தாம் கிறிஸ்தியான் புதிய பாட்டுப் புத்தகம் தொகுக்கும் வேலையைக் கிங்கோவிடம் ஒப்படைத்தார். பாட்டுகளை அந்தந்த ஞாயிற்றின் சுவிசேஷப் பகுதிக்கு ஏற்ப அடுக்க வேண்டும். பழைய பாட்டுகளில் தட்டும் எதுகையைச் சரிசெய்யலாம், பொருளை மாற்றக்கூடாது. சொந்தப் பாட்டுகள் சிலவற்றைச் சேர்க்கலாம். அனுமதி 'சில'வற்றுக்குத்தான். 1689இல் வந்த முதல் பகுதியான குளிர்காலப் பகுதியிலோ 267 பாட்டில் 136 கிங்கோவுடையவை! 1569 முதல் வழங்கிவந்த புத்தகத்தின் பாட்டுகள் சபையாருக்கு மனப்பாடம். அவற்றில் பலவற்றைக் காணோம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. அரசர் அனுமதியைத் திரும்பப் பெற்றார். அச்சுக்கூடத்திலும் காகிதத்திலும் கைப்பணத்தைப் போட்டிருந்த கிங்கோவுக்குப் பலத்த அடி.

அடுத்து வேறொரு குருவானவரிடம் வேலை போனது. அவர் தொகுத்ததில் கிங்கோவின் பாட்டு ஒன்றுகூட இல்லை, அதுவும் தள்ளப்பட்டது. கடைசியில் ஒரு குழு அமர்ந்து, கிங்கோவின் தொகுப்பையே அடிப்படையாக வைத்து, அவருடைய பாட்டுகளை 85 அளவுக்குக் குறைத்து, பழையவற்றை மீட்டு முடித்தது. என் கணிப்பில், அந்தப் புத்தகம் நூறாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு இந்தக் கத்தரிப்பும் ஒரு காரணம். 1798இல் புதுப் புத்தகம் வந்தபோது கிழக்கு யூட்லாந்தில் வைலே பக்கத்துக் குடியானவர்கள் அதைத் தொட மறுத்துக் கிங்கோவையே பிடித்துக்கொண்டார்கள். ஃபாரோ தீவுகளில் ஆர்கன் இல்லாமல், மிக மெதுவான கதியில், காதால் கேட்டுப் பழகிய மெட்டில் பாடும் முறைக்கே 'கிங்கோ பாட்டு' என்று பெயர்.

கேள்வி: அவருடைய பாட்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1681இல் வந்த அவருடைய சொந்தப் பாட்டுகளின் இரண்டாம் தொகுப்பிலிருந்து. துக்கமும் சந்தோஷமும் சேர்ந்தே நடக்கின்றன என்று தொடங்கும் பாட்டை எடுங்கள். ஒவ்வொரு சரணத்திலும் நான்கு நீண்ட அடி, இரண்டு குறும் அடி, மறுபடி ஒரு நீண்ட அடி. முதல் சரணத்தில் இன்பமும் துன்பமும் அடிக்கு அடி மாறி மாறி வர, குறும் அடிகளில் நடை சட்டென்று இறுகுகிறது: பூமியின் பொன் பகட்டான மண்தான் என்கிறார். கடைசி அடியில் பரலோகம். உலகத்துக்கு விடைசொல்லும் இன்னொரு பாட்டில், எல்லாம் மாயை என்றே சரணம் சரணமாக முடித்து வந்தவர், பின்பகுதியில் ஆபிரகாமின் மடியில், அதாவது பரலோகத்தில், போய் முடிக்கிறார். திருப்பம் எந்தச் சரணத்தில் நடக்கிறது என்று கவனித்துப் படியுங்கள். 1674இல் வந்த முதல் தொகுப்பு காலை, மாலைப் பாட்டுகளுக்கானது. வீட்டு ஜெபத்துக்கு அது பொருந்தும். மெட்டுகளில் பல அன்று ஊரில் பாடிய உலகப் பாட்டுகளுடையவை.

கேள்வி: நெசவாளியின் மகன் என்கிறார்களே?

பதில்: ஆம். 1634இல் ஸ்லாங்கெரூப்பில் பிறந்தார். கோபன்ஹேகனில் இறையியல் படித்து, 1668இல் சொந்த ஊருக்கே போதகரானார். 1677இல் ஓடென்சேயில் பேராயர். 1703இல் காலமானார்.

கேள்வி: தரங்கம்பாடிக்கு மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியதில் இவருக்குப் பங்கு உண்டா?

பதில்: இல்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். அனுப்பியவர் ஐந்தாம் கிறிஸ்தியானின் மகன், அரசர் நான்காம் ஃபிரெடெரிக்.