கல்ச்சர் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை, கட்டுரையில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மைக்ரோபயாலஜி உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 34. பிரிட்டனில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பித்திருக்கிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 7 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு முறை எழுதிவிட்டேன். கடைசியாக வந்தது: லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. எம்பிபிஎஸ், எம்.டி. எல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன். நான்கு ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்திருக்கின்றன. ரைட்டிங் மட்டும் ஏன் ஏறவில்லை? கடினமான வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்கு மாறிவிடலாமா? டியூட்டி போக தினமும் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: டாக்டர், உங்கள் நான்கு மதிப்பெண்களையும் கூட்டினால் 28.5 வருகிறது. நான்கால் வகுத்தால் 7.125. அது 7 என்று கணக்காகும். ஆக, மொத்தத்தில் நீங்கள் தேறியாயிற்று. ரைட்டிங்கில் அரை பேண்ட் (இந்தத் தேர்வில் மதிப்பெண்ணுக்கு அதுதான் பெயர்) மட்டும் இடிக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் பலர் இதே அரை பேண்டில்தான் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆங்கிலம் போதாமல் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களில் குறைவு.

சாம்பிளில் கிருமி வளர்ந்ததா என்று சொல்லி உங்கள் லேபிலிருந்து தினமும் போகிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'நோ க்ரோத் ஆஃப்டர் 48 அவர்ஸ் ஆஃப் ஏரோபிக் இன்குபேஷன்.' வார்டில் இருக்கும் டாக்டருக்கு இது போதும். எந்த சாம்பிள், யார் பார்த்தது, இதற்கு என்ன அர்த்தம் என்பதையெல்லாம் அவர் தானே நிரப்பிக்கொள்வார். ஆனால் அந்த வரியில் வினைச்சொல் கிடையாது. கேஸ் ஷீட்டும் அப்படித்தான். 'பேஷண்ட் அட்மிட்டெட் வித் ஃபீவர். நோ ஹிஸ்டரி ஆஃப் ராஷ். வைட்டல்ஸ் ஸ்டேபிள்.' மூன்று வரி இருக்கிறது, முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படி எழுதிய கை, தேர்வறையிலும் 'தி', 'ஏ', 'வாஸ்' எல்லாவற்றையும் தன்னையறியாமல் விழுங்கும். அதோடு, படிப்பவர் பாதியைத் தானே புரிந்துகொள்வார் என்ற நினைப்பும் உள்ளே ஊறிப்போயிருக்கும். தேர்வாளர் டாக்டர் இல்லை. நீங்கள் எழுதாததை அவர் உங்களுக்காக நிரப்பவும் மாட்டார்.

ஆய்வுக் கட்டுரை எழுதிய அனுபவம் உதவாதா என்றால், பாதி உதவும், பாதி காலை வாரும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம், இரண்டு டாஸ்க். முதலாவதில் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுத்து 150 வார்த்தையாவது எழுதச் சொல்வார்கள். இரண்டாவதில் ஒரு பொதுக் கேள்விக்கு 250 வார்த்தையாவது கட்டுரை எழுத வேண்டும். முதல் டாஸ்க்கை உங்கள் கட்டுரையின் ரிசல்ட்ஸ் பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கஷனுக்கு அங்கே இடமே இல்லை. நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவருக்குப் பயிற்சியில், மூன்று நாடுகளில் புகைபிடிப்போர் விகிதம் குறைவதைக் காட்டும் ஒரு கோட்டுப் படம் கொடுத்தேன். வரி உயர்வு, விழிப்புணர்வு, எச்சரிக்கைப் படம் என்று காரணங்களை அழகாக அடுக்கியிருந்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் படத்தில் அதில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆறு வரியும் வீண். எந்த நாடு வேகமாகக் குறைந்தது, எங்கே கோடுகள் வெட்டிக்கொண்டன என்பதற்கு அவருக்கு இடமே மிஞ்சவில்லை.

இன்னொன்று, ஓவர்வியூ. படத்தின் பெரிய போக்கு என்ன என்பதை, எண்ணே போடாமல், இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். டாக்டர்களுக்கு எண்ணை விட்டுவிட்டு எழுதக் கை வராது. முதல் வரியிலிருந்தே சதவீதங்கள் கொட்டும். தெளிவான ஓவர்வியூ இல்லையென்றால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற அளவுகோலில் 5-ஐத் தாண்டுவது கடினம். உங்கள் பழைய பயிற்சித் தாள்களை எடுத்து முதலில் இதைத்தான் பாருங்கள்.

உங்கள் அரை பேண்ட் பெரும்பாலும் இரண்டாவது டாஸ்க்கில் இருக்கும். அதற்கு முதலாவதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு. அதனால் அதை முதலில் எழுதி, 40 நிமிடம் கொடுங்கள். வரிசை மாற்றி எழுத எந்தத் தடையும் இல்லை.

'அரசு, சிகிச்சையைவிட நோய்த் தடுப்புக்கு அதிகம் செலவிட வேண்டும். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?' இப்படியொரு கேள்வி வந்தால் டாக்டர்களுக்கு ஒரே குஷி, நம்ம ஏரியா என்று. விபத்து நடப்பதும் அங்கேதான். தடுப்பூசி, ஸ்கிரீனிங், உப்பு, புகையிலை, சுத்தமான தண்ணீர் என்று எட்டு விஷயங்களை எட்டு வாக்கியத்தில் அடுக்கிவிடுவார்கள். பாடநூலின் பாக்ஸ் மாதிரி இருக்கும். அது கட்டுரை இல்லை, பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்', 'எப்படி' என்று தேர்வாளர் கேட்டுக்கொண்டே போவார், பதில் இருக்காது.

ஒரு பத்திக்கு ஒரே ஒரு கருத்து போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் உங்கள் நிலைப்பாடு: தடுப்புக்குச் செலவிடுவது பிறகு வரும் பெரிய செலவைக் குறைக்கும். அடுத்து காரணம்: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விலை குறைவு, பக்கவாதம் வந்தபின் ஆகும் செலவு அதிகம். அதற்கடுத்து, பலரும் தாவிவிடுகிற படி: கூலி வேலைக்குப் போகிறவர் மாத்திரை வாங்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே பாதியில் நிறுத்திவிடுகிறார். பிறகு உதாரணம்: எங்கள் மாநிலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடைசியாக, அது கேள்வியோடு எப்படி முடிச்சுப் போடுகிறது என்று ஒரு வாக்கியம். இவ்வளவுதான் ஒரு பத்தி. இதில் மருத்துவக் கலைச்சொல் ஏதாவது இருந்ததா? பக்கத்து வீட்டு பேங்க் ஊழியருக்கும் புரியும். அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது.

'எந்த அளவுக்கு' என்று கேட்டால் அளவைச் சொல்லியாக வேண்டும். இருபக்கமும் சொல்லிவிட்டு, 'இது பல காரணிகளைப் பொறுத்தது, மேலும் ஆய்வு தேவை' என்று முடிப்பது ஜர்னலில் பணிவாக இருக்கலாம். இங்கே கேள்விக்குப் பதில் சொல்லாததாக ஆகும்.

கடினமான வார்த்தைகளா? வேண்டவே வேண்டாம். நான் திருத்துகிற தாள்களில் 'பிளெத்தோரா' (ஏராளம் என்பதற்கு ஆடம்பரச் சொல்) வராத நாளில்லை, எனக்கே ஒவ்வாமை வந்துவிட்டது. சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று. கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கோவையாகச் சொன்னது, இலக்கணம் ஆகியவை மற்ற மூன்று. நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளம் என்பது பொருத்தமான சொல்லைப் பொருத்தமான துணையோடு போடுவது. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்று தொடங்கினாலும் கோவை வராது. இயந்திரத்தனமாகத் தெரியும்.

இலக்கணத்தில் நம் ஊர் டாக்டர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள் சிலவே. 'எவிடென்சஸ்', 'ரிசர்ச்சஸ்', 'ஈக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மை போடுவது முதல் வரிசை. இந்தச் சொற்களை ஒருமையிலேயே விடுங்கள். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வராது. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' தவறு, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பதே சரி. 'தி', 'ஏ' இரண்டுக்கும் தமிழில் நேரான இணை இல்லாததால் காதுக்கு அவற்றின் குறை உறைப்பதில்லை. எழுதி முடித்த பிறகு கடைசி மூன்று நிமிடத்தில் பெயர்ச்சொற்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓஇடி-க்கு மாறும் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. மருத்துவம் உட்பட 12 சுகாதாரத் தொழில்களுக்கான தேர்வு அது. டாக்டர்களுக்கு ரைட்டிங் என்பது பெரும்பாலும் நோயாளியை வேறொருவரிடம் அனுப்பும் ஒரு ரெஃபரல் லெட்டர்தான். குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், 180 முதல் 200 வார்த்தை வரை. ஆனால் அந்தத் தேர்வின் முதன்மையான பயன், தொழில் செய்வதற்கான பதிவுக்கு. பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அதை ஏற்கிறது. நோயாளிகளைப் பார்க்கும் பணியும் சேர்ந்து வந்தால் அந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படலாம். அங்கே ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொன்றிலும் 7 என்று கோடு இன்னும் மேலே. லேபில் மட்டும் ஆய்வு என்றால் உங்களுக்கு அது வேண்டாம். பிஎச்.டி. சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் ஓஇடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் இருக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஓஇடி-யிலும் கேஸ் நோட்ஸைக் கையில் கொடுத்து, அதை முழு வாக்கியங்களாக விரித்து எழுதத்தான் சொல்கிறார்கள். இங்கே இடித்தது அங்கேயும் இடிக்கும்.

ரீடிங்கும் லிசனிங்கும் உங்களுக்கு நல்ல நிலையில் இருக்கின்றன, அதிகம் தொட வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை, 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்விகளில். 1928-இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்ததைப் பற்றி ஒரு பகுதி வருகிறது என்று வையுங்கள். கீழே, 'ஃபிளெமிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது' என்று ஒரு வாக்கியம். 1945-இல் ஃபுளோரி, செயின் இருவரோடும் பகிர்ந்து பெற்றார் என்பது மைக்ரோபயாலஜிக்காரரான உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். பகுதியில் அந்தச் செய்தி இல்லையென்றால் விடை 'நாட் கிவன்'தான். அன்று மட்டும் தெரிந்ததை மறந்துவிட்டுப் படியுங்கள்.

இனி உங்கள் முக்கால் மணி நேரம். ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் கட்டுரையே எழுத வேண்டாம். அன்றைக்கு லேபிலிருந்து போன ஒரு ரிப்போர்ட்டை, நோயாளியின் பெயர், எண் எதுவும் இல்லாமல் எடுத்து, டிகிரி படித்த ஆனால் மருத்துவம் தெரியாத அவருடைய மகனுக்குச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் ஏழெட்டு முழு வாக்கியங்கள் எழுதுங்கள். சுருக்கெழுத்து கூடாது. அதோடு ஒரு பொதுக் கேள்விக்கு மேலே சொன்ன மாதிரி ஒரே ஒரு பத்தி. மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாள் டாஸ்க் 2, மறுநாள் டாஸ்க் 1. நைட் டியூட்டி முடிந்த காலையில் எழுதாதீர்கள். அன்று பழைய தாளைத் திருத்தினால் போதும். கம்ப்யூட்டரில் தேர்வு எழுதுவதாக இருந்தால், ஸ்பெல்-செக்கை அணைத்துவிட்டு டைப் செய்து பழகுங்கள். தேர்வறையில் சிவப்புக் கோடு வராது, வார்த்தை எண்ணிக்கை மட்டும் திரையில் தெரியும். (டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துச் சோர்ந்த ஆள் என்ற முறையில், கம்ப்யூட்டருக்கே என் ஓட்டு.)

வாரத்தில் ஒரு தாளையாவது மருத்துவத்துக்கு வெளியே இருப்பவரிடம் கொடுங்கள். பள்ளி ஆங்கில ஆசிரியர் யாராவது கிடைத்தால் உத்தமம். திருத்தச் சொல்ல வேண்டாம், புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும் என்று சொல்லுங்கள். உங்கள் துறைத் தோழியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதும் அவருக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது முறையாக முழுத் தேர்வுக்கும் பணம் கட்டுவதற்கு முன் சில வழிகளைப் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால், 60 நாளுக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' வசதி இருக்கிறது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடும் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் அதற்கான கட்டணம் திரும்பி வரும். முழுக்க ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் துறைகளும் உண்டு. ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்றே விஷயம் கேளுங்கள்: ஒன் ஸ்கில் ரீடேக் செல்லுமா, ஆங்கில வழிச் சான்றிதழ் செல்லுமா, மதிப்பெண்ணை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்வு நாளைப் பதிவு செய்யுங்கள். அந்த மின்னஞ்சலையும் முழு வாக்கியங்களில் எழுதுங்கள், டாக்டர்.