ஆலோசனைப் பெட்டியும் ஒரு தகடும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் 14 பேருடன் லேத் பட்டறை நடத்துகிறேன். டொயோட்டாவைப் பற்றிப் படித்துவிட்டு ஆலோசனைப் பெட்டி வைத்தேன். ஆறு மாதத்தில் விழுந்தது இரண்டே சீட்டு, இரண்டும் டீ சரியில்லை என்று. எல்லாருக்கும் பீஸ் ரேட்தான், ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, வேகமாகச் செய்தால் அவர்களுக்குத்தானே லாபம்? நம் பையன்களுக்குப் புதிதாக யோசிக்கும் ஆர்வமே இல்லையா? தலைமைப் பண்பு பற்றி என்ன படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டீயை மாற்றினீர்களா? அதை எழுதவே இல்லையே.

டொயோட்டா அந்தத் திட்டத்தை ஆரம்பித்தது 1951-ல். நீங்கள் ஆறு மாதத்தில் அலுத்துப்போகிறீர்கள். புத்தகமெல்லாம் வேண்டாம். பையன்களுக்கு ஆர்வமில்லை என்ற வரியை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பீஸ் ரேட் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதில் நின்றுவிட்டேன்.

இருபது வயதில் கோவையில் ஒரு பம்ப்செட் உதிரிபாகப் பட்டறையில் கணக்கெழுதினேன். டிரில்லிங் மெஷினில் ஓர் அண்ணன் இருந்தார். குழாயை இணைக்கும் வளையமான ஃபிளாஞ்சில் நாலு ஓட்டை போட, ஒவ்வொன்றிலும் அளந்து, கோடு கிழித்து, பஞ்ச் அடிக்க வேண்டும். அவர் வேண்டாமென்று போட்ட தகட்டில் தானே ஒரு ஜிக், ஓட்டைகளின் இடம் காட்டும் அச்சு, செய்து வைத்திருந்தார். மேலே வைத்து இறுக்கினால் போதும், அளக்கவே வேண்டாம். முதலாளி தலை தெரிந்தால் அது சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். எனக்கு மட்டும் காட்டினார். நான், மடையன், அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற நினைப்பில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதலாளி அவரை முதுகில் தட்டிக்கொடுத்தார், அடுத்த சனிக்கிழமை ஃபிளாஞ்ச் ரேட்டைப் பாதியாக்கினார். அந்தக் கூலியைக் கணக்குப் போட்டு எண்ணிக் கொடுத்தது நான்தான். அண்ணன் திட்டவில்லை. அப்புறம் என்னிடம் எதையும் காட்டவும் இல்லை.

இது கோவையில் மட்டும் நடப்பதில்லை. 1878-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் மிட்வேல் இரும்பாலையில் சேர்ந்து லேத் ஓட்டிய ஃபிரெடரிக் டெய்லர், பின்னாளில் தொழிற்சாலை வேலையை நேரம் பார்த்து அளந்து பெயர் பெற்றவர், மேஸ்திரியானதும் பழைய சகாக்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார், வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்று. வேகம் கூடினால் ரேட் குறையும், அவ்வளவுதான் காரணம். தொழிலாளியைச் செல்லம் கொஞ்சுகிற ஆளில்லை டெய்லர். அவரே, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் எதிர்த்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

நீங்கள் கடைசியாக ரேட்டைக் குறைத்தது எப்போது? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் பையன்களுக்குத் தேதியே ஞாபகமிருக்கும். வேலையைச் சுருக்க யார் வழி கண்டுபிடித்தாலும் அந்த ரேட்டை ஒரு வருடம் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். யாரும் உடனே நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

அதற்கு முன்னால் டீயை மாற்றுங்கள். இரண்டு பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.