நொதி கெட்டுவிட்டதா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். கோலின் குளோரைடும் கிளிசராலும் கலந்த பசுமைக் கரைப்பானில் (சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த கரைப்பான்), கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதியை ஒரு மாதம் வைத்திருந்தேன். அந்தக் கரைப்பானிலேயே செயல்பாட்டை அளந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆய்வு தோற்றது என்று எழுதிவிடவா? யூரியா கலந்த கரைப்பானையும் செய்ய நினைத்து, யூரியா புரதத்தைக் குலைக்குமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தயவுசெய்து இப்போதே அப்படி எழுதிவிடாதீர்கள். உங்கள் கேள்வி, நொதி அங்கே கெடாமல் இருந்ததா என்பது. நீங்கள் அளந்ததோ, அது அங்கே வேலை செய்கிறதா என்பதை. லைபேஸ் கொழுப்பை உடைக்கவே தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்த, தேன் மாதிரி கெட்டியான திரவத்தில் அது சும்மா இருந்தால், கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

கொஞ்சம் எடுத்து பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் நீர்க்கரைசல்) 100 மடங்கு நீர்த்து, பிறகு அளந்து பாருங்கள். ஒப்பிடுவதற்குப் புது நொதி எடுக்கும்போது அதிலும் அதே 1 சதவீதக் கரைப்பானைச் சேருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. அப்புறம், பிப்பெட்டை நம்பாதீர்கள். இந்தத் திரவம் முனையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்காது. நீங்கள் 10 மைக்ரோலிட்டர் என்று நினைப்பீர்கள், விழுந்தது 7 ஆக இருக்கும். எடைபோட்டு எடுங்கள்.

வெறும் 50 சதவீத கிளிசராலிலும் ஒரு குப்பி வையுங்கள். ஆய்வகங்கள் காலகாலமாக நொதிகளை அதில்தான் மைனஸ் 20 டிகிரியில் வைக்கின்றன. உங்கள் கலவை அதைவிட நன்றாகக் காக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியது.

சரி, யூரியா. தண்ணீரில் 8 மோலார் அளவுக்கு அடர்த்தியான யூரியா பல புரதங்களைக் குலைத்துவிடும், உண்மைதான். ஆனால் 302 டிகிரியில் உருகும் கோலின் குளோரைடும் 133 டிகிரியில் உருகும் யூரியாவும் 1:2 விகிதத்தில் சேர்ந்தால் 12 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஆபட் குழு 2003-இல் காட்டியது இது. அந்தத் திரவத்தில் யூரியா ஹைட்ரஜன் பிணைப்புகளில் கட்டுண்டிருக்கிறது. அதில் லைபேஸ் வேலையே செய்தது என்று 2008-இல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பாதிக்கு மேல் தண்ணீர் கலந்தால் அந்தக் கட்டு தளர்ந்து, வெறும் யூரியாக் கரைசல்தான் மிஞ்சும். அதனால் நீர்க்கும்போது படிப்படியாக வேண்டாம், ஒரே தடவையில் 100 மடங்குக்குப் போய்விடுங்கள்.

ஒரு மாதக் குப்பியில் மிச்சம் இருக்கும் இல்லையா? கழுவி ஊற்றிவிடாமல் நாளைக்கே நீர்த்து அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.